பால் டெஸ்டரின் மூக்கு

வாசனை போனதை நான் வெளியே சொன்ன பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆறுதல் சொன்னார்கள். மூக்குதானே, நல்ல வேளையாகக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். முதல் பத்துப் பேருக்குத் தலையாட்டினேன். பதினோராவதாக வந்த என் சின்ன மாமியாரிடம் மட்டும், உங்கள் மூக்கைக் கழற்றி எனக்கு ஒரு மாதத்துக்குக் கொடுங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், அது ஊருக்கே தெரியும்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தலையில் அடிபட்டோ, சளிக் காய்ச்சலுக்குப் பிறகோ வாசனை போய், அதை வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காது மூக்கு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த நாட்களில் அதைத் தெரிந்துகொண்டேன். நான் செய்த முட்டாள்தனத்தை அவர்களாவது செய்யாமல் இருக்கட்டும்.

என் பெயர் சகுந்தலா. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் பதினான்கு வருடமாக டெஸ்டர். காலையில் ஐந்தரைக்கும் மத்தியானம் மூன்றரைக்கும் பால் கேன்கள் வரிசையாக வரும். கொழுப்பு பார்க்க மெஷின் உண்டு. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டர் உண்டு. இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேன் மூடியைத் திறந்த உடனே, மூடியின் அடிப்பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும். பால் கெட ஆரம்பித்திருந்தால் அந்த வாடை முதலில் மூடியில்தான் தங்கும். மெஷினுக்கு அது தெரியாது. கொழுப்பு சரியாக இருக்கிறது என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். புளித்த பால் இரண்டு கேன், எல்லாப் பாலையும் சேர்த்துக் குளிர வைக்கும் கூலர் தொட்டியில் விழுந்தால் போதும், அன்றைக்கு ஊர் கறந்த பால் மொத்தமும் வீண்.

என் மூக்கைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது, ஆனாலும் பேசுவேன். மாடு வேப்பந்தழை தின்றிருந்தால் சொல்லிவிடுவேன். கேனைக் கழுவியவர்கள் சோப்பு போக அலசவில்லை என்றால் சொல்லிவிடுவேன். கன்று போட்ட மாடு சரியாகத் தீனி எடுக்கவில்லை என்றால் அதன் பாலில் ஒரு மாதிரியான இனிப்பு வாடை வரும். மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் மாட்டுக்காரருக்கே விஷயம் தெரியும். எங்கள் ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. டெஸ்டரம்மா என்பதுதான் என் பெயர்.

போன வருடம் மாசி மாதம், பெருமுக்கல்லில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கலியபெருமாள் ஓட்டினார், நான் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். சாலையில் புதிதாகப் போட்ட வேகத்தடைக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. வண்டி ஏறி இறங்கியது. நான் மட்டும் பின்பக்கமாக விழுந்துவிட்டேன். பின்னந்தலை தார்ச்சாலையில் மோதியது வரைக்கும்தான் எனக்கு நினைவு. ரத்தம் பெரிதாக வரவில்லை, ஆனால் இரண்டு முறை வாந்தி எடுத்தேனாம். திண்டிவனத்தில் முதலுதவி செய்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னது எனக்கு முதலில் புரியவில்லை. அடிபட்டது பின்னந்தலையில், காயம் இருப்பது முன்மூளையில் என்றார். பிறகு அவரே விளக்கினார். மண்டையோட்டுக்குள் மூளை இறுக்கமாகப் பொருத்தி வைத்ததல்ல. பின்னால் இடி விழும்போது அது உள்ளேயே ஆடிப் போய் முன்பக்கம் மோதும். அப்படி மோதியதில் நெற்றிக்கு உள்ளே லேசான ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை தேவைப்படாது, தானாகவே வற்றிவிடும், ஆனால் படுக்கையிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார். ஒன்பது நாள் இருந்தேன்.

பெண்கள் வார்டு என்பதால் என்னோடு தங்கியது என் நாத்தனார் வள்ளி. என் வீட்டுக்காரர் தினமும் ஊரில் மாடு கறந்து, பாலை ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்து, பார்வையாளர் நேரம் வரைக்கும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தூக்குச் சட்டியில் அவரே வைத்த ரசம் இருக்கும். அவர் அடுப்படிக்குள் போனதை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. வண்டியை ஓட்டியது தான்தானே என்ற குற்ற உணர்ச்சியில் மனிதர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பும் புளிப்பும் தவிர ஒன்றுமே இல்லையே, பெருங்காயம் போடவில்லையா, பூண்டு தட்டவில்லையா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வள்ளி அதே ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு, நல்லாத்தானே இருக்குது அண்ணி என்றாள். அண்ணன் வைத்த ரசம், தங்கச்சி வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கெடாரிலிருந்து வந்த பாக்கியம் என்ற அம்மா இருந்தார். தென்னை மட்டை தலையில் விழுந்து வந்தவர். மட்டை விழுந்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் புதிதாகச் சொல்வார், ஒவ்வொரு முறையும் மட்டை கொஞ்சம் பெரிதாகும். ஐந்தாவது நாள் காலையில் வார்டைக் கழுவினார்கள். பாக்கியம் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னாடி இது பினாயிலு, குடலப் பெரட்டுது என்றார். நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரை மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது.  பாக்கியம் அம்மாவிடம் தலைவலித் தைலம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து மோந்தேன். ஜிவ்வென்று ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. என் உயிர் திரும்பி வந்தது. மூக்குக்கு ஒன்றும் இல்லை, மருந்து மாத்திரையால் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். டாக்டர் சுற்றி வரும்போது வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். பதினான்கு வருடம் மூக்கை வைத்துப் பிழைத்தவள், தைலத்தை வைத்து மூக்கைச் சோதித்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று முதலில் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் செவலைப் பசு என் கையை மோந்து பார்த்தது. ஒரு அடி பின்னால் போனது. மறுபடி மோந்தது, தலையை ஆட்டியது. ஆஸ்பத்திரி மருந்தும் சோப்பும் அதற்கு ஒத்துவரவில்லை. நான் குளித்து, கொட்டகையில் வழக்கமாகக் கட்டும் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பக்கத்தில் விட்டது. என் உடம்பு வாசனை மாறியது மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு பருப்பு அடிப்பிடித்துக் கருகியதும் எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். முதல் கேன் மூடியைத் திறந்து மோந்தேன். இரண்டாவது, மூன்றாவது என்று திறந்தேன். நாற்பது மூடியிலும் ஒரே காற்றுதான். உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது, ஆனால் வரிசை நின்றுகொண்டிருந்தது. எனக்கு வேறு என்ன தெரியும்? டெஸ்டருக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் யார் உட்கார வைப்பார்கள்? அந்த நாற்காலி போனால் நான் யார்? சரி, ஊத்து என்று சொல்ல ஆரம்பித்தேன். மூடியை மோப்பதுபோல் செய்துகொண்டே கேன் கொண்டுவந்தவரின் முகத்தைப் படித்தேன். தாமதமாக வந்தவரின் பாலை உற்றுப் பார்த்தேன். பதினொரு நாள் இப்படி ஓட்டினேன். ஒரு தப்பும் நடக்கவில்லை. என் அனுபவம் கைகொடுக்கிறது, மூக்கு எதற்கு என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது நாள் மத்தியானப் பாலும் மறுநாள் காலைப் பாலும் தொட்டியில் இருந்தன. பால் எடுக்க வந்த லாரிக்காரர் வழக்கம்போல் கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார். திரிந்துவிட்டது. இன்னொரு முறை காய்ச்சினார், மறுபடியும் திரிந்தது. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொசைட்டி செகரட்டரி போன் மேல் போன் போட்டார். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் தொட்டியைத் திறந்து பின்பக்கக் கால்வாயில் விட்டார்கள்.

ஊரே கூடி நின்றது. வெள்ளையாக ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பொழுது விடியும் முன்பே எழுந்து கறந்த பால். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ நகர்ந்து வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர். என் முந்தானை நுனியை எடுத்து என் கையில் கொடுத்து, கையோடு சேர்த்து என் மூக்கின் மேல் வைத்தார். சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும்தான் பூந்தோட்டத்தில் நிற்பதுபோல் நின்றிருக்கிறேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த நிமிடம் புரிந்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

கரண்ட் போனதால் கூலர் நின்று பால் கெட்டுவிட்டது என்று செகரட்டரி எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்:

"வியாழக்கெழம விழுப்புரம் போறோம். மூக்கு டாக்டரு என்னிக்கி இருப்பாங்கன்னு கேட்டுக்கினு வந்துட்டேன்."

"கொஞ்சம் மந்தமா இருக்குதுங்க, அவ்ளோதான்," என்றேன். அப்போதும் பொய்தான்.

காது மூக்கு டாக்டர் சின்ன வயதுப் பெண். முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினார், எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொரு குப்பியாக மூக்கருகே கொண்டுவந்தார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். ஒன்றில் மட்டும் சில்லென்று ஏறியது, இது தெரிகிறது என்று அவசரமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தைலம் மோந்த கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது வாசனையே இல்லை அம்மா என்றார்.

தைலத்தின் குளிர்ச்சி, மிளகாய் நெடி, வெங்காயக் காந்தல் இதையெல்லாம் உணர்வது முகத்தில் ஓடும் வேறொரு நரம்பு. தோலில் சூடு பட்டால் தெரிவதுபோல் அது ஒரு தொடு உணர்ச்சி. வாசனைக்கென்று இருக்கும் இடம் வேறு. மூக்கின் உச்சியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்கு ஒரு சின்னப் பரப்பு. எப்போதும் ஈரமாக இருக்கும் அந்த இடத்தில் லட்சக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய மயிர் போன்ற இழைகள். அந்த இழைகளில்தான் வாசனையைப் பிடிக்கும் வாங்கிகள் இருக்கின்றன. காப்பியிலிருந்து கிளம்பும் துகள்கள் காற்றோடு வந்து, அந்த ஈரத்தில் கரைந்து, தங்களுக்குப் பொருந்தும் வாங்கியில் போய் உட்காரும். உடனே அந்தச் செல் மூளைக்குத் தகவல் அனுப்பும்.

மனிதனுக்கு இப்படி ஏறக்குறைய நானூறு வகை வாங்கிகள் உண்டாம். ஒரு செல்லில் ஒரே வகைதான் இருக்கும். நானூறு வகையை வைத்துக்கொண்டு எப்படி ஆயிரக்கணக்கான வாசனை தெரிகிறது என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை எங்கள் சொசைட்டி கணக்கில் புரிந்துகொண்டேன். எங்களிடம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண் உண்டு. மூன்றும் பதினேழும் நாற்பதும் சேர்ந்து கை தூக்கினால் அது காப்பி. பதினேழு இல்லாமல் ஐந்து வந்து சேர்ந்தால் அது வேறு ஏதோ. யார் யார் சேர்ந்து கை தூக்குகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மூளை பெயர் வைக்கிறது.

மாட்டுக்கு எப்படி என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் சொன்னார். மாட்டுக்கு நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் வகைகள் உண்டு. எலிக்கு ஆயிரத்துக்கும் மேல், யானைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம். கன்று போட்ட பசு அதை நக்கி நக்கி வாசனையை மனதில் பதித்துக்கொள்வதும், பிறகு வேறு கன்றை உதைத்துத் தள்ளுவதும் இதனால்தான். எங்கள் ஊர்க் காளை பசுவின் மூத்திரத்தை மோந்துவிட்டு மேலுதட்டைத் தூக்கிச் சிரிக்குமே, அது எதற்கு என்று கேட்டேன். அது சிரிப்பதில்லையாம். வாயின் மேல் அண்ணத்தில் அதற்கு இன்னொரு மூக்கு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது, வாசனையை அதற்குள் ஏற்றுகிறது. மனிதர்களுக்கு அது வேலை செய்வதில்லை. எனக்கு என் நோயே மறந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

டாக்டர் மறக்கவில்லை. மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனைச் செல்களின் நூல்கள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. நான் விழுந்தபோது மூளை ஆடியதில் அந்த நூல்கள் அறுந்திருக்கும் என்றார். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு மாதிரி ஐந்தாறுதான் தெரியும். மற்ற ருசி எல்லாம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. பாவம், அந்த ரசத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

திரும்ப வருமா என்று கேட்டேன். உடம்பில் மற்ற நரம்புகளைப்போல் இல்லாமல், வாசனைச் செல்கள் செத்தால் புதிதாக முளைக்கும் என்றார். புதிய நூல்கள் சல்லடை ஓட்டையைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர வேண்டும். சிலருக்குச் சேரும். சிலருக்கு வழி மாறிச் சேரும். சிலருக்குச் சேராமலே போகும்.

"வந்துரும்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா தினமும் பழக்குங்க. என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க, தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லாதீங்க."

நான்கு டப்பா. பன்னீர், எலுமிச்சைத் தோல், லவங்கம், காப்பித்தூள். காலையும் மாலையும் கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் இருபது வினாடி மோந்து, அந்தப் பொருளை மனதில் நினைக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் இருக்குதாம், பழக்கினால் முழுசாக வந்துவிடுமாம் என்றேன்.

தலைவலி என்று சொல்லி சொசைட்டியில் விடுப்பு போட்டேன். செகரட்டரியே டெஸ்ட் பார்த்துக்கொண்டார். வீட்டில் டப்பா வேலை தொடங்கியது. என் வீட்டுக்காரர் பன்னீரில் நனைத்த பஞ்சை ஒரு டப்பாவிலும் மற்றவற்றை மற்ற டப்பாக்களிலும் போட்டு, தினமும் பால் ஊற்றிவிட்டு வந்ததும் என் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். வைத்தியர் தோற்றார். இது பன்னீர், இது எலுமிச்சை என்று பெயர் சொல்லிச் சொல்லி நீட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு மோப்பேன். ஏதாச்சும் வருதா என்று கேட்பார். ஒன்றும் வராது. அந்தக் கேள்வியில் இருக்கும் ஆசையைக் கேட்டு, கொஞ்சம் வருதுங்க என்பேன். காலண்டரில் ஒரு புள்ளி வைப்பார்.

சாப்பாட்டில் எனக்கு ருசி இல்லை என்று தெரிந்து, கடித்தால் சத்தம் வரும்படி எல்லாவற்றிலும் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் போட ஆரம்பித்தார். புளிச்சோற்றில் சரி, உப்புமாவில் சரி, ஒரு நாள் மோர்க்குழம்பிலும் கிடந்தது. மனிதருக்கு அன்பு வந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

நான்காம் மாதம் காப்பி டப்பாவில் டயர் கருகுவது மாதிரி ஒரு நாற்றம் வந்தது. பயந்துபோய் டாக்டரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். நூல்கள் போய்ச் சேர்கின்றன, முகவரிதான் மாறியிருக்கிறது, போகப்போகத் திருந்தலாம் என்றார். ஐப்பசியில் அந்தக் கருகல் குறைந்து, சில நாள் காப்பி மாதிரியே இருந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இது காப்பி என்று என் வீட்டுக்காரர் சொல்லி நீட்டும்போது என் மனசே காப்பி வாசனையைத் தயார் செய்துகொள்கிறதோ என்னவோ. வருது வருது என்று சொல்லிச் சொல்லி, எது நிஜம் எது நானாகச் சொல்வது என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

கார்த்திகையில் செகரட்டரி கேட்டு அனுப்பினார். வருகிறீர்களா, வேறு ஆள் போடட்டுமா. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், வரிசை நிற்கும் நேரத்தில் சொசைட்டிக்குப் போனேன். எல்லோரும் கேட்கும்படிச் சொன்னேன்.

"எனக்கு வாசன தெரியாது. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்தே தெரியாது. அன்னிக்கி பாலு கெட்டது கரண்டால இல்ல, என்னாலதான்."

யாரும் அதிர்ச்சியாகவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. இரண்டு எருமை வைத்திருக்கும் தேவகி, வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவள், கேனைக் கீழே வைத்தாள்.

"தெரியுமே. உன் வூட்டுக்காரரு அந்தப் பதினோரு நாளும் தெருமொனையில நின்னுக்கினு, ஒவ்வொரு கேனா மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டுத்தான் உள்ள வுட்டாரு. என் பாலையே ஒரு நாளு திருப்பி அனுப்பிட்டாரு. ஏன்னு பாலு கெட்ட அன்னிக்கித்தான் புரிஞ்சுது. பன்னண்டாவது நாளு அவரு விழுப்புரம் போயிட்டாரு, டாக்டரு என்னிக்கி இருப்பாங்கன்னு கேக்க."

செகரட்டரி தரையைப் பார்த்தார். கரண்ட் கதையை எழுதச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. தேவகி விடவில்லை.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா நாங்களே மோந்து பாத்துக்கினு இருப்போம். அத்தன பாலும் சாக்கடைக்குப் போயிருக்காது. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்குது."

இருக்க வேண்டியதுதான் என்றேன். அவளுக்கு முன்னால்தான் எனக்கு அழுகை வந்தது. கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். இப்போது எங்கள் சொசைட்டியில் ஒருவர் கேனை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் மோந்து பார்க்க வேண்டும். என் கேன் நாறுகிறது என்று நீ எப்படிச் சொல்வாய் என்று தினமும் ஒரு சண்டை நடக்கிறது, ஆனால் கெட்ட பால் உள்ளே வருவதில்லை. லாக்டோமீட்டரும் மெஷினும் என் கையில்.

அன்று, பால் ஊற்ற வந்திருந்த என் வீட்டுக்காரரும் நானும் வீட்டுக்கு நடந்து திரும்பினோம். அவர் காலி கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தெருமுனை தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் ஊரிடம் சொன்னேன், இவரிடம் சொல்லவில்லையே என்று இருந்தது.

"பன்னீரு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லீங்க. எலுமிச்சையும் இல்ல. நீங்க ஆசயா கேட்டீங்கன்னு வருது வருதுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும். ஆவணியிலயே பன்னீரு பஞ்ச எடுத்துட்டேன். வெறும் டப்பாவத்தான் நீட்டிக்கினு இருந்தேன். அதுக்கும் கொஞ்சம் வருதுன்ன."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது, கோபமும் வந்தது. தெரிந்தும் ஏன் காலண்டரில் புள்ளி வைத்தீர்கள் என்று கேட்டேன். கேனை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எது நெசம், எது எனக்காவ சொல்றதுன்னு நான் தெரிஞ்சிக்க வாணாமா? அதான் போன மாசம் மூணு தடவ, இது பன்னீருன்னு சொல்லி, காப்பித்தூள நீட்னேன். மூணு தடவையும் நீ இன்னா சொன்ன?"

நினைவுக்கு வந்தது. ஒரு டப்பாவைப் பார்த்து எடுக்கத் தெரியாதா, இது காப்பி, பன்னீர் என்று ஏன் உயிரை வாங்குகிறீர்கள் என்று மூன்று முறையும் அவரைத் திட்டியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் திட்டினேன். இது காப்பி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்தத் திட்டுக்குத்தான் சகுந்தலா, ஆறு மாசமா காத்துக்கினு இருந்தேன்," என்றார்.